41,000 கி.மீ. ஓடிய டயர்: வரி இருக்கிறது, கடைக்காரர் நான்கையும் மாற்றச் சொல்கிறார்

மேட்டுப்பாளையம் ரோடு

எல்லோருக்கும் வணக்கம். 2019 ஜனவரியில் எடுத்த பெட்ரோல் ஹேட்ச்பேக், 14 இஞ்ச் டயர், வண்டியோடு வந்த அதே கம்பெனி டயர்தான் இன்னமும் ஓடுகிறது. மொத்தம் 41,000 கி.மீ. கோவைக்குள் ஆபீஸ் போய்வருவது, மாதம் ஒரு தடவை ஊருக்கு, வருடத்தில் இரண்டு மூன்று தடவை ஊட்டி, அவ்வளவுதான். போன வாரம் பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு "சார், நாலையும் மாத்திடுங்க" என்றார். இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகுமாம். எனக்கென்னவோ வரி நன்றாகவே தெரிகிறது. முன்பக்க இடது டயர் மட்டும் உள்பக்கம் கொஞ்சம் மழமழவென்று இருக்கிறது. மாமா அவருடைய வண்டியில் 70,000 ஓட்டினேன் என்கிறார், ஆபீஸில் ஒருவர் 35,000-லேயே மாற்றினேன் என்கிறார். உண்மையில் ஒரு கார் டயர் எவ்வளவுதான் ஓடும்? கடைக்காரர் வியாபாரத்துக்காகச் சொல்கிறாரா?

கிரீஸ் கை

கி.மீ. கணக்கை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் டயரின் பக்கவாட்டில் டாட் என்று ஆங்கிலத்தில் தொடங்கும் எழுத்து வரிசையைத் தேடுங்கள். அதன் கடைசியில் ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். சில டயர்களில் அது உள்பக்கம் போய்விடும், குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருடம்.

அப்புறம் டயர் வரிகளுக்குள்ளே விரலை விட்டால் ஆங்காங்கே சின்னதாக ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் தேய்மான அளவுகோல், 1.6 மி.மீ. உயரம். சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது, அதற்கு மேல் ஓட்டுவது சட்டப்படியும் தப்பு. புது கார் டயரில் வரி ஆழம் ஏறக்குறைய 7, 8 மி.மீ. இருக்கும். ஆழம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கி, ஒவ்வொரு டயரிலும் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று இடத்தில் அளந்து இங்கே போடுங்கள். அளவைப் பார்த்தால் வண்டியை எப்படி ஓட்டினீர்கள் என்பது முதல் எங்கே காற்று பிடிக்கிறீர்கள் என்பது வரை சொல்லிவிடலாம்.

மீட்டர் போடாதவன்

கால் டாக்ஸி ஓட்டுகிறேன், சென்னை. மாதம் 5,000 கி.மீ.க்குக் குறையாது. எனக்கு முன் டயர் 45,000, பின் டயர் 60,000 வரை வருகிறது. முன் சக்கரம் இழுக்கிற வண்டியில் இழுப்பது, திரும்புவது, பிரேக் பாரத்தில் பெரும்பங்கு எல்லாமே முன் டயர் தலையில்தான் விழும், பின் டயர் சும்மா கூடவே வரும். அதனால்தான் 10,000-க்கு ஒரு தடவை முன்னதைப் பின்னுக்கு மாற்றிப் போடச் சொல்வார்கள். நீங்கள் ஒரு தடவையாவது மாற்றியிருக்கிறீர்களா அண்ணா?

சிக்னலில் பச்சை விழுந்ததும் சீறிக்கொண்டு கிளம்பி அடுத்த சிக்னலில் கிறீச்சென்று நிற்பவர்களைத் தினம் பார்க்கிறேன். பெட்ரோலை விட அவர்களுடைய டயரை நினைத்தால்தான் பாவமாக இருக்கும். இன்னொன்று, என்னைப் போல ஓட்டினால் டயருக்கு வயசு பார்க்கவே வேலை வராது, வருடம் ஒன்றுதான் ஆகியிருக்கும், அதற்குள் மொட்டையாகிவிடும்.

மேட்டுப்பாளையம் ரோடு

நன்றி. அளந்துவிட்டேன். நான்கிலும் 4418 என்று இருக்கிறது, அதாவது 2018-இன் 44-ஆவது வாரம். பின் டயர் இரண்டும் நடுவில் 4.5, இரண்டு ஓரத்திலும் 4. முன் வலது நடுவில் 4, ஓரங்களில் 3.5. முன் இடது வெளிப்பக்கம் 4, நடு 3.5, உள்பக்கம் 2-க்குக் கீழே. மாற்றிப் போட்டது முதல் சர்வீஸ் காலத்தில் ஒரே ஒரு தடவை, அதன்பின் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். காற்று பதினைந்து நாளைக்கு ஒருமுறை தவறாமல் பங்கில் பார்க்கிறேன், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்படி 33 தான் வைக்கிறேன். பிறகு ஏன் ஓரம் தேய்கிறது?

கிரீஸ் கை

பங்கு வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? எத்தனையோ பேர் சறுக்குகிற இடம் இது. 33 என்பது குளிர்ந்த டயருக்கு. வெயிலில் பத்துப் பதினைந்து கி.மீ. ஓட்டிவிட்டுப் போனால் உள்ளே காற்று சூடாகி நாலைந்து பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) ஏறியிருக்கும். ஏறக்குறைய ஐந்தரை டிகிரி சூட்டுக்கு ஒரு பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கில் பையன் 37 பார்த்து, பிடுங்கிவிட்டு 33 ஆக்குவான். மறுநாள் காலையில் அது 29. நீங்கள் தவறாமல் பதினைந்து நாளைக்கு ஒருமுறை காற்றைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்! காற்று குறைந்தால் டயர் நடுவில் உள்வாங்கி இரண்டு ஓரமும் பாரம் தாங்கும், ஓரங்கள் தேயும். அதிகமாக அடித்தால் நடு தேயும்.

முன் இடது வேறு கதை. ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கிற கோணம், கெட்டிருக்கிறது. எங்கேயோ ஒரு பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள், நம் ஊரில் ரோட்டோரப் பள்ளம் முழுக்க இடது சக்கரத்துக்குத்தானே. சக்கரம் நேராக உருளாமல் லேசாகச் சாய்ந்தோ திரும்பியோ தேய்த்துக்கொண்டே போகும், ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. வெறும் அலைன்மென்ட் செய்து அனுப்பினால் மூன்று மாதத்தில் திரும்ப வரும், லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையில் உள்ள ரப்பர்) தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் அலை அலையாக, திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் மட்டும் ஷாக் அப்சார்பர் மீது சந்தேகப்படலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். பின் டயரைப் பாருங்கள், எட்டிலிருந்து நாலுக்கு வர 41,000 கி.மீ. ஒரு மி.மீ.க்குப் பத்தாயிரம். நாலிலிருந்து 1.6 வரை இன்னும் 24,000 பாக்கி, மாமா சொன்ன 70,000 பக்கம் வந்துவிடும். ஆனால் வருடத்துக்கு ஆறாயிரம்தான் ஓட்டுகிறீர்கள். அந்த 24,000 முடிய நாலு வருடம் ஆகும், அப்போது டயருக்குப் பத்து வயது தாண்டியிருக்கும். ஐந்து வருடம் ஆனால் ஆண்டுதோறும் காட்டிப் பாருங்கள், வரி மிச்சமிருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன, சில கார் கம்பெனிகள் ஆறு வருடம் என்கின்றன. உங்கள் டயரைக் கொல்லப்போவது ரோடு இல்லை, காலண்டர். கடைக்காரர் வியாபாரத்துக்காகவே சொல்லியிருக்கலாம், ஆனாலும் தப்பாகச் சொல்லவில்லை.

பாடி கட்டும் ஊர்

நாமக்கல்லில் இருந்து எழுதுகிறேன், எங்கள் வீட்டில் லாரிதான் சோறு போடுகிறது. லாரி டயரைத் தேய்ந்தவுடன் ரீட்ரேடிங் செய்து, அதாவது மேலே புது ரப்பர் ஏற்றி, மறுபடி ஓட்டுவோம். காருக்கு யாராவது அப்படிச் சொன்னால் பக்கமே போகாதீர்கள்.

வயசைப் பற்றி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரப்பருக்குள் வெடிப்பைத் தடுக்க மெழுகு கலந்திருப்பார்கள், டயர் உருண்டு நசுங்கி விரியும்போதுதான் அது மேலே கசிந்து வந்து காக்கும். அதனால் ஓடாமல் வெயிலில் நிற்கிற வண்டியின் டயர் ஓடுகிற வண்டியின் டயரை விடச் சீக்கிரம் வெடிப்பு விடும். பக்கவாட்டில் முடி முடியாகக் கீறல் இருக்கிறதா பாருங்கள். வாட்டர் வாஷில் பளபளவென்று எண்ணெய் மாதிரி ஏதோ தடவித் தருவார்களே, அது கீறலை மறைக்கத்தான் உதவும். பக்கவாட்டில் கட்டி மாதிரி புடைத்திருந்தால் பேச்சே கிடையாது, உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே கழற்ற வேண்டும்.

மீட்டர் போடாதவன்

நைட்ரஜன் அடித்தால் தேயாது என்று யாராவது வருவார்கள், அதற்கு முன் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஓசியில் கிடைத்தால் அடியுங்கள்.

இப்போதைக்கு இரண்டு மட்டும் வாங்கினால் புதியதைப் பின்னால் போடுங்கள். முன்னால் போடத்தான் கை வரும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஐப்பசி மழையில் பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், முன் டயர் வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரளவு சமாளிக்கலாம்.

மேட்டுப்பாளையம் ரோடு

நேற்று வேலை முடிந்தது. கிரீஸ் கை அண்ணா சொன்னபடியே இடதுபக்க புஷ் போயிருந்தது. பின் டயரின் பக்கவாட்டில் கீறலும் இருந்தது, இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை, அதனால் நான்கும் மாற்றிவிட்டேன். கடையில் முதலில் எடுத்து வைத்த டயர்களில் இரண்டு தயாராகி இரண்டு வருடம் தாண்டியவை. நான்கு எண்ணைக் காட்டிக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் வேறு கொண்டுவந்தார். காலையில் வீட்டிலேயே காற்று பார்க்கச் சின்ன கேஜ் ஒன்றும் வாங்கியாயிற்று.

ஸ்டெப்னி மட்டும் பழையது, ரோட்டையே பார்க்காத 4418. அவசரத்துக்குப் பஞ்சர் கடை வரை போக வைத்துக்கொள்ளலாம்தானே?

கிரீஸ் கை

கீறல் இல்லையென்றால், மெதுவாக, பஞ்சர் கடை வரை மட்டும். அதில் எவ்வளவு காற்று இருக்கிறது?

மேட்டுப்பாளையம் ரோடு

இப்போதுதான் பார்த்தேன். 11.