பணம் அனுப்பும் தொழிலுக்கு மாநில லைசென்ஸ்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் சேவை தொடங்க நானும் மச்சானும் டெக்சாஸில் மணி டிரான்ஸ்மிட்டர் லைசென்ஸுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். லைசென்ஸ் விண்ணப்பங்களுக்கான என்.எம்.எல்.எஸ். இணையதளத்தில் நிறுவன விவரத்துக்கு எம்.யு.1 படிவம், சொந்த விவரத்துக்கு ஆளுக்கொரு எம்.யு.2, கைரேகை, ஷ்யூரிட்டி பாண்ட் (வாடிக்கையாளர் பாதுகாப்புக்கான உத்தரவாதப் பத்திரம்) எல்லாம் கொடுத்தாயிற்று.

இப்போது ஆய்வாளர் ஒரு விளக்கம் கேட்கிறார்: வாடிக்கையாளர் கட்டும் டாலர் எந்தக் கணக்கில் விழுகிறது, எத்தனை நாள் தங்குகிறது, இந்திய வங்கிக்கு எப்படிப் போகிறது என்று வரைபடமாகக் காட்ட வேண்டுமாம். கேட்பது நியாயம்தான், மக்கள் பணம் அல்லவா. லைசென்ஸ் இல்லாமல் தொடங்கினால் ஃபெடரல் சட்டப்படியும் குற்றம்.

இப்படி வரைபடம் கொடுத்து ஒப்புதல் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எவ்வளவு விவரம் எதிர்பார்ப்பார்கள்? இந்திய வங்கியோடு போட்ட ஒப்பந்த நகலையும் சேர்க்க வேண்டுமா? இந்தத் துறை தெரிந்த வக்கீல் இருந்தாலும் சொல்லுங்கள்.