ஒரே யூ மரத்துண்டின் இரண்டு பாதிகள்: கணு, குழிவு, நெளிவு பற்றிய அனுபவங்கள்

இழைப்புளி எழுதியது:

இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயரில், பண்ணை வேலியோரமாகப் புயலில் சாய்ந்த ஒரு யூ (ஊசியிலை வகை) மரத்திலிருந்து, வில் செய்வதற்கென்று, ஏறத்தாழ ஆறரை அடி நீளத் துண்டொன்று எனக்குக் கிடைத்தது. இரும்பு ஆப்புகளை வைத்துச் சம்மட்டியால் அடித்து அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தேன். வெட்டுமுனைகள் விரைவாகக் காய்ந்து வெடித்துவிடாமலிருக்க அவற்றின் மேல் பெயின்ட் தடவி, காற்றோட்டமுள்ள கொட்டகையில் இரண்டு ஆண்டுகள் உலரவிட்டேன். ஒரே மரம், ஒரே கொட்டகை. ஆயினும் ஒரு பாதி உடைந்தது, மறுபாதி இன்றும் அம்பு எய்கிறது.

யூ மரத்தில் வெளிப்புறம் வெண்மஞ்சளாக இருக்கும் வெளிறு இழுவையை நன்றாகத் தாங்கும்; உள்ளே செம்பழுப்பாக இருக்கும் வைரம் அமுக்கத்தைத் தாங்கும். ஆகவே குறியை நோக்கிய முதுகில் வெளிறும், எய்பவரை நோக்கிய வயிற்றில் வைரமும் அமையுமாறு வில்லைச் செதுக்குகிறோம். என் முதல் பாதியில், பிடிக்கு ஒரு முழம் மேலே, முதுகுப் பரப்பு உள்ளங்கைக் குழிபோல் இறங்கி மீண்டும் ஏறியது. அதை ஒட்டிக் கட்டைவிரல் நகத்தளவில் ஒரு கணுவும் இருந்தது. எனக்கோ பலகை இழைத்துப் பழகிய கை. நூல் பிடித்துக் கோடு போட்டு, குழிவின் இருபுறத்து மேடுகளையும் சீவி முதுகை நேராக்கிவிட்டேன். பார்வைக்கு அழகான வில்தான். ஆனால் சீவிய இடங்களிலெல்லாம் வெளிறின் இழைகள் குறுக்காக அறுபட்டிருந்தன. ஓரிரு ஆண்டு வளையங்கள் அறுபடுவதை யூவின் வெளிறு பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மையே. வில்லுக்குப் பயன்படும் இன்னொரு மரமான ஓசேஜில் ஒரே வளையத்தை முதுகு முழுவதும் பின்தொடர வேண்டும் என்கிற கண்டிப்பு இதற்கு இல்லை. ஆனால் கணுவை ஒட்டி இழைகள் சட்டென்று மேலெழும் இடத்தில் அந்தச் சலுகை செல்லாது. நாண் 24 அங்குலம் வந்தபோது கணுவின் விளிம்பிலிருந்து ஒரு சிலாம்பு எழுந்தது. நான் நாணைத் தளர்த்துவதற்குள் மேல்பாதி முறிந்து தொங்கியது.

இரண்டாம் பாதியில் நூலையே எடுக்கவில்லை. பட்டையை உரித்தபின் தெரிந்த இழையோட்டத்தைப் பென்சிலால் பின்தொடர்ந்தேன். கணுவைச் சுற்றி இழைகள் விலகிப் போய் மறுபடி கூடுகின்றன என்பதால், அங்கே வில்லின் விளிம்பையும் இருபுறமும் சில மில்லிமீட்டர் அகலமாக விட்டேன். முதுகின் குழிவையும் தொடவில்லை. அதே அளவுக்கு வயிற்றிலும் இறங்கி ஏறும்படி செதுக்கித் தடிமனைச் சீராக வைத்தேன்.

வளைவைச் சமன்செய்யும் கட்டத்தில்தான் கண் ஏமாற்றியது. இயல்பாகவே எய்பவர் பக்கம் சாய்ந்த இடம், வில்லை வளைக்கும்போது அளவுக்கு மீறி வளைவதாகத் தோன்றும். எதிர்ப்பக்கம் சாய்ந்த இடம் விறைப்பாக நிற்பதாகத் தோன்றும். அதை நம்பி விறைப்பானதாகத் தெரியும் இடத்தைச் சுரண்டினால், கீல் வைத்ததுபோல் வில் அந்த ஒரே இடத்தில் மடங்கும். நாணேற்றாத வில்லைச் சுவரில் ஒட்டிய தாளின்மேல் வைத்துக் கோடு வரைந்துகொண்டு, இழுத்த நிலையில் ஒவ்வொரு இடமும் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்ப்பதே எனக்குக் கைகொடுத்தது. வில் இப்போது 28 அங்குலத்தில் 48 பவுண்டு இழுவிசையுடன் நிற்கிறது.

சாரல்மலை எழுதியது:

நான் அமெரிக்காவின் ஓரிகனில் பசிபிக் யூ மரத்தில் வேலை செய்கிறேன். ஊசியிலைக் காட்டின் நிழலில் மெதுவாக வளரும் மரம் அது; வளையங்கள் நெருக்கமாக இருக்கும், குண்டூசித் தலையளவு கணுக்களும் நிறைய இருக்கும். அந்தச் சிறு கணுக்களுக்கு நான் அஞ்சுவதில்லை. அஞ்ச வேண்டியது செத்த கணுவுக்கு. ஒரு கட்டையில் கணுவின் நடுவே கறுப்புப் பொடி தெரிந்தது. ஊசியால் கிளறக் கிளற உதிர்ந்துகொண்டே போய், விரல்நுனி நுழையும் குழியாயிற்று. கெட்டியான மரம் வரும்வரை கிளறி எடுத்துவிட்டு, யூ மரத்தூளை எபாக்சி பசையில் குழைத்து அடைத்தேன். அது வயிற்றுப் பக்கம் என்பதால் அந்த வைத்தியம் பலித்தது, ஏனெனில் அமுக்கத்தை அடைப்பும் சேர்ந்து தாங்கும். முதுகில் இருந்தால் அடைப்பு இழுவையைச் சிறிதும் சுமக்காது. சுற்றியுள்ள இழைகளே முழுவதையும் சுமக்க வேண்டும் என்பதால், அவற்றுக்கு அகலம் விட முடியாத கட்டையை நான் ஒதுக்கிவிடுவேன்.

முதலில் எழுதிய நண்பரிடம் ஒரு சிறு மாறுபாடு உண்டு. கணுவைச் சுற்றி மரம் விடுவது சரி. தாராளமாக விடுவது சரியன்று. நான் ஒருமுறை கணுவுக்கு மேலும் கீழும் ஒரு சாண் நீளத்துக்கு மேடு விட்டேன். அந்தப் பகுதி வளையவே இல்லை. வளைய வேண்டிய பங்கையும் அடுத்த இடமே சுமந்ததால், அங்கே வயிற்றில் மயிரிழை போன்ற குறுக்குக் கோடுகள் விழுந்தன. அமுக்கம் தாங்காமல் மரம் நசுங்கியதன் அடையாளம் அது. விழுந்தபின் அழிக்க வழியில்லை.

யூ மரத்தின் தூள் நஞ்சு என்பதையும் புதியவர்களுக்காகச் சேர்த்துவிடுகிறேன். முகக்கவசம் இல்லாமல் அரம் போட வேண்டாம்.

துறைமுகவாசி எழுதியது:

1545-இல் மூழ்கி 1982-இல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலின் விற்களை போர்ட்ஸ்மவுத் அருங்காட்சியகத்தில் பார்த்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட நீள்விற்கள் அந்தக் கப்பலில் கிடைத்தன. எல்லாம் யூ மரம். கோல் போல வழுவழுப்பாக இருக்கும் என்று எண்ணிச் சென்றவனுக்கு, ஆளுயரத்தை மிஞ்சிய அவற்றில் கணுக்களை ஒட்டி மரம் சற்றே புடைத்து விடப்பட்டிருந்தது வியப்பாயிருந்தது. போருக்காக மொத்தமாகச் செய்தவர்களும் அந்த இடங்களில் கையை நிறுத்தித்தான் செதுக்கியிருக்கிறார்கள்.

இழைப்புளி எழுதியது:

மேட்டின் நீளம் பற்றிச் சொன்ன ஓரிகன் நண்பருக்கு நன்றி. படித்தவுடன் என் வில்லின் வயிற்றை விளக்கருகே சாய்த்துப் பார்த்தேன். கோடுகள் இல்லை, ஆனால் மேடு தேவைக்கு இரண்டு விரற்கடை நீளமாகவே இருந்தது. சுரண்டும் தகட்டால் நுனிகளை மட்டும் தணித்துவிட்டேன்.

பக்கவாட்டு நெளிவைப் பற்றி யாரும் எழுதவில்லை. என் வில் கீழ்ப்பாதியில் இடப்பக்கம் ஒதுங்குகிறது. நாணேற்றினால் நாண் பிடியின் நடுவில் விழாமல் விளிம்பை உரசிச் செல்கிறது. நெளிவு நெளிவாகவே இருக்கலாம். இரண்டு நுனிகளும் பிடியின் நடுவும் ஒரே கோட்டில் வந்தால் போதும். அந்த ஓரிடத்தை மட்டும் முக்கால் மணி நேரம் நீராவியில் வைத்து, மரச்சட்டத்தில் வளைத்துக் கவ்வியிட்டு இறுக்கியிருக்கிறேன். கணு அதற்கு நான்கு விரற்கடை தள்ளியிருப்பதால் அங்கே ஈரத்துணி சுற்றி வெப்பம் படாமல் காத்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் கவ்விகளைக் கழற்றுவேன்.