நாகவொட்சைட்டின் (ZnO) பட்டை இடைவெளி (band gap, இலத்திரன் தாண்டவேண்டிய சக்தி இடைவெளி) கூடுதில்ல, உதவி தேவை
அண்ணாமார், அக்காமார், பௌதிகவியல் சேர்மார், மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து எழுதுறன். இறுதியாண்டு ஆய்வுக்கு நாகவொட்சைட்டின் இலத்திரன் கட்டமைப்பைக் கணிக்கிறன். வேர்ட்சைட் பளிங்கு, 4 அணு அலகுக் கூடு, குவாண்டம் எஸ்பிரெசோ மென்பொருள், பிபிஇ (PBE) எண்ட அண்ணளவாக்க முறை. இடைவெளியின் பரிசோதனைப் பெறுமானம் ஏறக்குறைய 3.4 இலத்திரன்வோல்ற்று, எனக்கு வாறது 0.8 தான். பிபிஇ குறைச்சுக் காட்டும் எண்டு தெரியும். ஆனா இதை வச்சு ஒளி உறிஞ்சல் பற்றி ஒண்டும் எழுதேலாது.

கணிப்பின் நுணுக்கத்தைத் தீர்மானிக்கிற வெட்டுச்சக்தியைக் கூட்டினன், கே-புள்ளிகளை நெருக்கினன்; இடைவெளி அசையேல்ல. நாகத்தின் 3டி மட்டத்துக்கு ஹபார்ட் யூ (U) எண்ட சக்தித் திருத்தம் போட்டா அந்தப் பட்டை கீழ இறங்குது, இடைவெளி மட்டும் 1.5ஐத் தாண்டுதில்ல. எச்எஸ்இ (HSE) எண்ட கூடப் பாரமான முறையை ஓடவிட்டா 8 ஜிபி மடிக்கணினியில நினைவகம் போதாம நிண்டுபோகுது. அடுத்த மாதம் அறிக்கை குடுக்கவேணும்.

ஒட்சிசனின் 2பி மட்டத்துக்கும் யூ போட்டா அது ஏற்கக்கூடிய முறையா, இல்லாட்டி வேணுமான எண்ணுக்குப் பொருத்துற வேலையாப் போயிடுமா?