காக்டெய்ல் கிளிக் குஞ்சுக்குத் தீனிப்பை காலியாகவில்லை, என்ன செய்வது?

சிறகன்:
12 நாள் ஆன காக்டெய்ல் குஞ்சுகள் இரண்டு. கையில் பழகட்டும் என்று நெஸ்ட் பாக்ஸிலிருந்து (கூட்டுப் பெட்டி) எடுத்து, ப்ரூடரில் (சூடேற்றிய பெட்டி) வைத்து ஃபார்முலா (குஞ்சுகளுக்கான பொடியைக் கரைத்த தீனி) ஊட்டுகிறேன். முதலில் நன்றாகச் சாப்பிட்டன. நேற்று இரவு கொடுத்தது இன்று காலை வரை தீனிப்பையிலேயே (கழுத்தடியில் தீனி தங்கும் பை) நிற்கிறது, தொட்டால் பிசைந்த மாவு மாதிரி இருக்கிறது. எடை 44, 41 கிராம். ஒரு வேளைக்கு 5 மில்லி, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கிறேன். ப்ரூடரில் 34 டிகிரி. ஃபார்முலாவை மாற்றலாமா? ஆப்பிள் சைடர் வினிகர் இரண்டு துளி விடச் சொல்கிறார்கள். விடலாமா?

கொண்டைக்கிளி:
ஃபார்முலாவை மாற்றாதீர்கள், வினிகரும் வேண்டாம். முதலில் அடுத்த வேளைத் தீனியை நிறுத்துங்கள். பழையது உள்ளே இருக்கும்போது புதிதாக ஊற்றினால் அதுவும் சேர்ந்து புளிக்கும். குஞ்சுகள் பெரும்பாலும் போவது அப்படித்தான், பட்டினியால் அல்ல.

மாவாக இருக்கிறது என்றால் தண்ணீர் மட்டும் இறங்கி, திடப்பொருள் தங்கிவிட்டது. வாய்வழி நீரேற்றக் கரைசலை 39–40 டிகிரிக்குச் சூடாக்கி 2 மில்லி மட்டும் கொடுங்கள். விரல் நுனியால் தீனிப்பையை மிக மெதுவாக உருட்டி அந்தக் கட்டியைக் கரையுங்கள். மேல்நோக்கி அழுத்தவே கூடாது, வாய்க்கு ஏறினால் மூச்சுக்குழாயில் போய்விடும். தலைகீழாகப் பிடித்து வெளியே எடுக்கும் வீடியோக்களைப் பார்த்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

ஒன்றரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். கொஞ்சமாவது இறங்கியிருந்தால் இன்னொரு முறை இதே அளவு. இரண்டு முறைக்கும் அசையவில்லை என்றால் பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் அன்றே போய்விடுங்கள். குழாய் விட்டுக் கழுவி எடுப்பார். அதை வீட்டில் செய்ய முடியாது.

ஒரு கேள்வி: அந்த 34 டிகிரியை எங்கே வைத்து அளந்தீர்கள்? ஃபார்முலாவின் சூட்டை எதால் பார்க்கிறீர்கள்?

சிறகன்:
தெர்மாமீட்டர் ப்ரூடரின் மேல் பக்கச் சுவரில், பல்புக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் கேட்ட பிறகு குஞ்சுகளுக்குப் பக்கத்தில், மரத்தூள் மேல் வைத்துப் பார்த்தேன், 29தான் காட்டுகிறது. ஃபார்முலாவை மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கிறேன்.

கொண்டைக்கிளி:
அதுதான் காரணம். முள்ளிறகு அப்போதுதான் எட்டிப் பார்க்கும் இந்த வயதில் அவற்றால் உடம்புச் சூட்டைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முடியாது. குஞ்சு குளிர்ந்தால் குடல் அசைவு நின்றுவிடும், அதற்குப் பிறகு எந்தத் தீனியும் இறங்காது. குஞ்சு படுக்கும் உயரத்தில் 32–33 டிகிரி இருக்க வேண்டும். குஞ்சின் கால் விரல்களைத் தொட்டுப் பாருங்கள், உங்கள் கையைவிடச் சில்லென்றிருந்தால் முதலில் சூடு, பிறகுதான் மற்ற எல்லாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் சூடு அதிகம். பல்பை விட, ஒரு பக்கம் மட்டும் அடியில் சூடாகும் விரிப்பு நல்லது, மறுபக்கம் ஒதுங்க இடம் இருக்கும். உள்ளே அகலமான கிண்ணத்தில் தண்ணீர் வைத்து அதன் மேல் கம்பிவலை போடுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் தோல் சிவந்து சுருங்கும், தீனிப்பையும் வறளும்.

அடுத்தது ஃபார்முலா. மணிக்கட்டை நம்பாதீர்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டரை நேரே கிண்ணத்தில் விட்டு 39–41 பார்த்த பிறகே சிரிஞ்சில் எடுக்க வேண்டும். 38க்குக் கீழே போனால் செரிமானம் மெதுவாகும், 43ஐத் தாண்டினால் தீனிப்பைச் சுவர் வெந்துபோகும். வெந்தது அன்றைக்குத் தெரியாது. சில நாள் கழித்துத் தோல் கறுத்து, ஓட்டை விழுந்து, கொடுத்த தீனி நெஞ்சில் வழியும்போதுதான் தெரியும். மைக்ரோவேவில் சூடாக்கினால் நடுவில் ஒரு இடம் மட்டும் கொதித்துக் கிடக்கும், அதனால் அது வேண்டவே வேண்டாம். கலந்த கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக்கொண்டு ஊட்டுங்கள். மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

கூடுகட்டி:
அளவு பற்றி ஒன்று. ஒரு வேளைக்கு எடையில் 10 சதவீதம் என்பது கணக்கு. 44 கிராமுக்கு 4.4 மில்லி, 41க்கு 4.1. நீங்கள் கொடுக்கும் 5 கொஞ்சம் அதிகம். சரியான பிறகு முதல் இரண்டு வேளை பாதி அளவில், வழக்கத்தை விட நீர்க்கக் கொடுத்துப் படிப்படியாகக் கூட்டுங்கள். நாளுக்கு ஒரு முறை, இரவில், தீனிப்பை முழுவதும் காலியாக வேண்டும். காலையில் முதல் வேளைக்கு முன் எடை போட்டு எழுதி வையுங்கள். இந்த வயதில் எடை கூடாமல் நின்றாலே பிரச்சினை தொடங்கிவிட்டது.

ஊட்டும்போது சிரிஞ்சைப் பறவையின் இடப்பக்க வாய் ஓரத்தில் வைத்து வலப்பக்கம் நோக்கித் திருப்புங்கள். உணவுக்குழாய் வலப்பக்கம் இறங்குகிறது, மூச்சுத்துளை நாக்கு தொடங்கும் இடத்தில் நடுவில் இருக்கிறது. குஞ்சு தலையை ஆட்டி வாங்கும்போது மட்டும் அழுத்துங்கள், ஆட்டத்தை நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள்.

வாய்க்குள் வெள்ளைத் திட்டு, புளித்த வாடை, தீனிப்பைச் சுவர் தடித்த மாதிரி இருந்தால் அது கேண்டிடா பூஞ்சை. அதற்கு நிஸ்டாடின் என்ற மருந்துதான், அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். தானாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தால் நல்ல பாக்டீரியாவும் செத்துப் பூஞ்சை இன்னும் ஏறும்.

வனக்கிளி:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் இவ்வளவு சீக்கிரம் பெட்டியிலிருந்து எடுக்க என்ன அவசியம்? தாய் தகப்பன் இரண்டும் ஊட்டிக்கொண்டிருந்தால், இரண்டு வாரத்துக்குப் பிறகு தினமும் 10–15 நிமிடம் மட்டும் கையில் எடுத்துத் திருப்பி வைத்தாலே குஞ்சு பழகிவிடும். செரிமானத்துக்கு உதவும் கிருமிகளும் நோய் எதிர்ப்பும் தாய் ஊட்டும் தீனியோடு போகின்றன.

தனியாகக் கையில் வளர்ந்த குஞ்சு மனிதனையே தன் இனமாக எண்ணிவிடும். நியூசிலாந்தின் ககாபோ கிளியில் இது நன்றாகத் தெரிந்தது. 1995இல் உலகத்திலேயே 51 ககாபோதான் இருந்தன. 1997இல் பொரித்த சிரோக்கோ என்ற ஆண் குஞ்சுக்கு மூச்சுக்கோளாறு வந்ததால் கையில் வளர்த்துக் காப்பாற்றினார்கள். வளர்ந்த பிறகு அது பெண் ககாபோக்களை நாடவில்லை, மனிதர்களையே நாடியது. இப்போது கையில் வளர்க்க வேண்டி வந்தால் குஞ்சுகளைக் கூட்டமாகவே வளர்க்கிறார்கள். அவ்வளவு அரிய பறவைக்கே அப்படி என்றால், இனப்பெருக்கத்துக்கு வைக்கப்போகும் காக்டெய்லுக்கும் அதே கவனம் வேண்டும்.

முதல் ஈட்டை (ஒரு முறை இட்ட முட்டைகளை) எடுத்துவிட்டு அடுத்த ஈட்டுக்குத் தூண்டுவதும் பாதுகாப்புத் திட்டங்களில் பயன்படும் முறைதான். மிச்சமிருப்பதே சில பறவைகள் என்னும்போது அது நியாயம். வீட்டில் செய்தால் பெட்டையின் எலும்பிலிருந்து கால்சியம் போய், முட்டை வெளியே வராமல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். வருடத்துக்கு இரண்டு ஈடு போதும், பிறகு பெட்டியைக் கழற்றிவிடுங்கள்.

சிறகன்:
நன்றி. 33க்குச் சூடேற்றிய பிறகு முதல் குஞ்சுக்குப் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது, இரண்டாவதுக்கு இப்போதுதான் இளகுகிறது. பெட்டியில் இன்னும் இரண்டு குஞ்சுகள் தாயோடு இருக்கின்றன. இவற்றைத் திருப்பி வைக்க முடியுமா?

வனக்கிளி:
முடியும், ஆனால் இரண்டின் தீனிப்பையும் முழுவதும் காலியாகி, அடுத்த இரண்டு வேளையும் ஒழுங்காக இறங்கிய பிறகு. நோய்க் குறி ஏதாவது இருந்தால் வைக்காதீர்கள், மற்ற இரண்டுக்கும் தொற்றும். தீனிப்பை பாதி நிரம்பிய நிலையில், உடம்பு சூடாக இருக்கும்போது, காலையில் வையுங்கள். மற்ற குஞ்சுகளுக்கு நடுவில் வையுங்கள், ஓரத்தில் வேண்டாம். நான்கு மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். தீனிப்பையில் ஃபார்முலா அல்லாமல் தானியம் தட்டுப்பட்டால் தாய் ஏற்றுக்கொண்டுவிட்டது. வெறுமையாக இருந்தாலோ தலையில் கொத்திய காயம் இருந்தாலோ உடனே ப்ரூடருக்கு மாற்றிவிடுங்கள்.

கூடுகட்டி:
திருப்பி வைக்கும்போது பெட்டியின் அடியில் மரத்தூள் 5 செ.மீ. உயரமாவது இருக்கிறதா என்று பாருங்கள். வழுக்கும் பலகையில் நின்றால் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துவிடும். தேவதாரு மரத்தூளைத் தவிருங்கள், அதன் வாடை மூச்சுக்கு ஆகாது.