எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ: ஊட்டுமுனை, எடுமுனை என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

சாதாரண லேண்ட்லைன் இணைப்பைக் கணினி வலை வழியாக வேறு இடத்துக்கு நீட்டுவது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். கருவிகளை மாட்டுகிற, பராமரிக்கிற தம்பிகள் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யும்படி இருக்க வேண்டும் என்பது என் ஆசை. பாதிக்கு மேல் எழுதியாகிவிட்டது. அந்தக் கருவிகளில் போனையும் லேண்ட்லைனையும் செருகும் துளைகளுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்கள் எஃப்எக்ஸ்எஸ் (FXS), எஃப்எக்ஸ்ஓ (FXO). இவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதில்தான் வண்டி நிற்கிறது. ‘அயல் இணைப்பகம்’, ‘பேசிமுனை, நிலையமுனை’, ‘தருமுனை, பெறுமுனை’ என்று இந்த இழையில் வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். அவற்றை வைத்து எனக்குத் தோன்றுவதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எங்கே இது தேவைப்படுகிறது? ஒரு கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். வாசலில் உள்ள அலுவலகம் வரை லேண்ட்லைன் வந்திருக்கிறது. வளாகத்தின் மறுகோடியில் பெண்கள் விடுதி. அந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால் விடுதிக் காப்பாளர் மேசையிலும் மணி அடிக்க வேண்டும், அவர் எடுத்துப் பேச வேண்டும், அங்கிருந்து வெளியே அழைக்கவும் வேண்டும். முன்பெல்லாம் செம்புக் கம்பியைப் புதைத்து இழுத்துவிடுவார்கள். மழையில் இணைப்புகள் ஊறிப்போகும், இடி இறங்கினால் போனும் சேர்ந்து போகும். இப்போது விடுதிக்கு ஃபைபர் போயிருக்கிறது, கணினி வலை ஓடுகிறது. அதன் மேலேயே தொலைபேசியையும் ஏற்றிவிடலாம். அலுவலகத்தில் ஒரு கருவி, விடுதியில் ஒரு கருவி, நடுவே வலை. அலுவலகக் கருவியில் லேண்ட்லைன் செருகும் துளைக்குப் பெயர் எஃப்எக்ஸ்ஓ. விடுதிக் கருவியில் போனைச் செருகும் துளைக்குப் பெயர் எஃப்எக்ஸ்எஸ்.

இந்தப் பெயர்கள் வந்த கதை அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே ஒருவர் நியூஜெர்சியில் கடை வைத்திருப்பார். வாடிக்கையாளர்கள் நியூயார்க்கில். அவர்கள் உள்ளூர்க் கட்டணத்தில் அழைக்க வேண்டுமானால் கடைக்கு நியூயார்க் எண் வேண்டும். தொலைபேசி நிறுவனம் நியூயார்க் தொலைபேசி நிலையத்திலிருந்து (எக்ஸ்சேஞ்ச்) ஒரு லைனைக் கடை வரை நீட்டிக் கொடுக்கும். கடைக்காரர் போனை எடுத்தால் கேட்கும் டயல் டோன் தன் ஊர் நிலையத்துடையது அல்ல, நியூயார்க்குடையது. இதற்குத்தான் ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் சேவை என்று பெயர், சுருக்கமாக எஃப்எக்ஸ். நிலையத்தின் பக்கம் இருக்கும் முனை ‘ஆபீஸ்’, அதாவது ஓ. சந்தாதாரர் பக்கம் இருக்கும் முனை ‘ஸ்டேஷன்’, அதாவது எஸ்.

இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் என்ன ஆகும் என்பதை முன்பே ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தார். அகராதியைத் திறந்தால் ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் என்பது அந்நியச் செலாவணி. கையேட்டில் அந்நியச் செலாவணி முனை என்று அச்சாகிவிட்டால் திருத்தவே முடியாது. ‘அயல் இணைப்பகம்’ என்ற பரிந்துரை அந்த ஆபத்திலிருந்து தப்பிக்கிறது. ஆனால் ஃபாரின் என்பதன் பொருள் இங்கே அயல்நாடு இல்லை, அடுத்த ஊர்தான். நம் பேச்சில் இதற்கு நேரான சொல் வெளியூர். வெளியூர் கால் என்று எத்தனையோ வருடம் சொல்லியிருக்கிறோம். அந்தச் சேவையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ‘வெளியூர் நிலைய இணைப்பு’ என்று தாராளமாக எழுதலாம், எனக்கு மறுப்பில்லை.

ஆனால் துளைகளுக்கு அந்தப் பெயர் உதவாது. இன்று இரண்டு வகைத் துளைகளும் ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வெளியூரும் இல்லை, சில இடங்களில் நிலையமே இல்லை. பெயரின் காரணம் மறைந்துபோய், மூன்று எழுத்து மட்டும் நிற்கிறது. கருவி மாட்டுகிற பையனுக்கு அந்த மூன்று எழுத்து எதையும் சொல்வதில்லை.

அப்புறம் ‘பேசிமுனை, நிலையமுனை’ என்ற இணை. பலருக்கு இது பிடித்திருக்கிறது. சுருக்கமாகவும் இருக்கிறது. இதில் எனக்குள்ள தயக்கத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பேசிமுனை என்றால் போனைச் செருகும் முனையா, போனைப் போல நடந்துகொள்ளும் முனையா? இரண்டு பொருளும் வரும். எஃப்எக்ஸ்எஸ் துளையில் போனைச் செருகுகிறோம், ஆனால் அது நடந்துகொள்வது நிலையம் போல. எஃப்எக்ஸ்ஓ துளையில் நிலையத்து லைனைச் செருகுகிறோம், அது நடந்துகொள்வது போனைப் போல. ஆங்கிலப் பெயர்களில் புதியவர்கள் தடுமாறுவதும் இதே இடத்தில்தான். தமிழில் புதிதாக ஒரு பெயர் வைக்கும் வாய்ப்பு இருக்கும்போது அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்து ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

வெறும் எழுத்துக் குழப்பம் என்று இதை விட்டுவிட முடியாது. ஓர் இடத்தில் லேண்ட்லைனைக் கொண்டுபோய் எஃப்எக்ஸ்எஸ் துளையில் செருகிவிட்டார்கள். இரண்டு துளைகளும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே வடிவம். நிலையத்திலிருந்தும் மின்சாரம் வருகிறது, கருவியிலிருந்தும் மின்சாரம் வருகிறது. முதல் அழைப்பு வந்து நிலையம் மணி அனுப்பியதும் அந்தத் துளை செத்துப்போனது. மணி என்று நாம் சாதாரணமாகச் சொல்வது 75 முதல் 90 வோல்ட் அளவுள்ள மாறுமின்சாரம், நாட்டுக்கு நாடு 20 அல்லது 25 ஹெர்ட்ஸ். அதை வெளியே அனுப்புவதற்கென்று கட்டிய சுற்றுக்குள் அது வெளியிலிருந்து நுழைந்தால் என்ன மிஞ்சும்?

ஆகவே இரண்டு முனைகளும் உண்மையில் என்ன செய்கின்றன என்று பார்த்துப் பெயர் வைப்போம் என்கிறேன்.

அனலாக் தொலைபேசியில், அதாவது சாதாரண லேண்ட்லைனில், போனுக்குச் சொந்தமாக மின்சாரம் கிடையாது. பழைய டயல் போனுக்கு வீட்டில் கரண்ட் போனாலும் உயிர் இருந்தது அதனால்தான். நிலையத்தில் உள்ள பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் நேர்மின்சாரம் அந்த இரண்டு கம்பிகளில் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். ரிசீவரை எடுத்ததும் உள்ளே சுற்று மூடும், இருபது முப்பது மில்லியாம்பியர் ஓடத் தொடங்கும், கம்பியில் வோல்ட் சரியும். நிலையம் அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் ‘எடுத்துவிட்டார்’ என்று தெரிந்துகொண்டு டயல் டோன் கொடுக்கிறது. ரிசீவரை வைத்தால் ஓட்டம் நிற்கும். இணைப்பில் நடப்பது சாராம்சத்தில் இவ்வளவே. ஒரு பக்கம் ஊட்டுகிறது: மின்சாரம், மணி, டயல் டோன் மூன்றையும். மறு பக்கம் எடுக்கிறது, வைக்கிறது.

இதிலிருந்துதான் ஊட்டுமுனை, எடுமுனை என்ற இணை எனக்குக் கிடைத்தது. எஃப்எக்ஸ்எஸ் ஊட்டுமுனை, எஃப்எக்ஸ்ஓ எடுமுனை. இரண்டும் வினைத்தொகை, சுடுநீர், ஊறுகாய் போல. ‘போனை எடு’, ‘போனை வை’, ‘வைக்கட்டுமா?’ என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். வேறு விளக்கமே தேவையில்லை. ஆஃப்-ஹூக், ஆன்-ஹூக் என்பதற்கு ‘கொக்கி விலகு நிலை’, ‘கொக்கி பொருந்து நிலை’ என்று ஒரு கலைச்சொல் பட்டியலில் பார்த்தேன். இன்றைய போனில் கொக்கி எங்கே இருக்கிறது? எடுத்த நிலை, வைத்த நிலை என்றால் விடுதிக் காப்பாளருக்கும் புரியும்.

‘தருமுனை, பெறுமுனை’ என்ற பரிந்துரையும் இதே எண்ணத்தில் வந்ததுதான். ஓசையும் நன்றாக இருக்கிறது. ஆனால் தகவல்தொடர்பில் அனுப்புகிற பக்கம், பெறுகிற பக்கம் என்று வேறு பொருளில் பேசுவது ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. பேச்சு இரண்டு பக்கமும் போகும், வரும். பெறுமுனை என்றதும் ‘இதில் குரல் உள்ளே மட்டும்தான் வருமோ’ என்று ஒருவர் நினைத்தால் அவர் மேல் தப்பில்லை. ஊட்டு என்பதில் அந்தச் சிக்கல் வராது, குரலை யாரும் ஊட்டுவதில்லை. மின்னூட்டம் என்பது பள்ளிப் பாடத்தில் வேறு பொருளில் இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். அது மின்னூட்டம், இது ஊட்டுமுனை. தனித்தனியாகவே நிற்கும் என்று நம்புகிறேன்.

இந்த இணை பொருந்துகிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கணினி வலையில் லேண்ட்லைனின் 48 வோல்ட் போகாது, மணியின் 75 வோல்ட்டும் போகாது. குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக்கி, 20 மில்லிநொடிக்கு ஒரு பொதி (பாக்கெட்) கட்டி அனுப்புகிறோம். குரலை இப்படி எண்களாக்கும் ஜி.711 முறையில் ஒரு பொதிக்குள் குரல் 160 பைட், முகவரித் தலைப்புகள் இன்னொரு 40 பைட். நொடிக்கு 50 பொதி. குரலைத் தவிர வலையில் போவது செய்தி மட்டுமே: மணி அடிக்கிறது, எடுத்தாயிற்று, இந்த எண்ணை அழுத்தினார், வைத்தாயிற்று. லேண்ட்லைன் கொண்டுவந்த மின்சாரம் எடுமுனையோடு நின்றுவிடுகிறது. விடுதியில் உள்ள கருவி தன் பக்கத்தில் அதைப் புதிதாக உண்டாக்கி ஊட்டுகிறது. நீட்டுவது என்று சொன்னாலும் கம்பி எதுவும் நீளவில்லை. ஒரு முனையில் நிலையத்தின் ஊட்டலை வாங்கிக்கொண்டு, மறு முனையில் இன்னொரு ஊட்டலைத் தொடங்குகிறோம்.

இப்படிப் பார்த்தால் முழுச் சங்கிலியையும் ஒரே விதியில் சொல்லிவிடலாம். நிலையம் ஊட்டும், அலுவலகக் கருவி எடுக்கும். விடுதிக் கருவி ஊட்டும், போன் எடுக்கும். ஊட்டுமுனைக்கு எதிரே எப்போதும் எடுமுனை. சாதாரணப் போனே ஓர் எடுமுனை, நிலையத்தில் நம் லைன் போய்ச் சேரும் லைன் கார்டு ஓர் ஊட்டுமுனை. எந்தத் துளை எது என்று சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரை நேர்மின்சாரத்தில் வைத்து நடு இரண்டு கம்பிகளில் தொட்டுப் பாருங்கள். 48 வோல்ட்டோ சற்றுக் குறைவாகவோ காட்டினால் அது ஊட்டுமுனை. ஒன்றும் காட்டாவிட்டால், கருவி உயிரோடு இருக்கிறது என்ற நிலையில், அது எடுமுனை. பெயரே சோதனையையும் சொல்லிக்கொடுக்கிறது.

பழுது பார்க்கும் பேச்சிலும் இந்தச் சொற்கள் ஓடுகின்றனவா என்று எழுதிப் பார்த்தேன். எடுமுனையில் எல்லோரும் பார்க்கும் தொல்லை ஒன்று உண்டு. வெளியிலிருந்து அழைத்தவர் பேசி முடித்து வைத்துவிடுவார், எடுமுனை வைக்காது. லைன் விடிய விடிய எடுத்த நிலையிலேயே கிடக்கும், அந்த எண்ணுக்கு யார் அழைத்தாலும் பிஸி. காரணம் என்னவென்றால், எதிரே இருப்பவர் வைத்துவிட்டார் என்பதைச் சொல்ல அனலாக் லைனில் எல்லா இடத்திலும் தெளிவான சைகை கிடையாது. சில நிலையங்கள் கம்பிகளின் துருவத்தை மாற்றிக் காட்டும், சில ஒரு கணம் மின்சாரத்தை நிறுத்திக் காட்டும். இரண்டும் இல்லாத இடத்தில் பிஸி டோனைக் கேட்டுத்தான் எடுமுனை புரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் நொடி ஒலிக்கும், முக்கால் நொடி ஓயும். பல கருவிகள் பெட்டியிலிருந்து வரும்போதே அமெரிக்க அமைப்பில் இருக்கும். 480, 620 என்று இரண்டு அதிர்வெண் சேர்ந்து அரை நொடி ஒலித்து அரை நொடி ஓய்வதை அவை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். நம் டோன் காதில் விழுந்தாலும் அவற்றுக்கு அது பிஸி டோன் இல்லை. கருவியின் அமைப்பில் நாட்டை இந்தியா என்று மாற்றியதும் சரியாகிவிடும். கையேட்டில் இந்தப் பகுதிக்கு ‘எடுமுனை வைக்கவில்லையா?’ என்று தலைப்பிட்டிருக்கிறேன். படித்தவுடன் எந்தப் பழுது என்று தெரிகிறது.

இந்தத் துளைகளை ஆங்கிலத்தில் போர்ட் என்பார்கள். அதற்குத் துறை என்று எழுதுவோர் இருக்கிறார்கள். துறைமுகத்தை வைத்து வந்த சொல். ஆனால் ‘தொலைபேசித் துறை’ என்று எழுதினால் அரசு அலுவலகம்தான் கண்முன் வரும். முனை போதும். மொத்த ஏற்பாட்டுக்கும் ‘வலைவழி நீட்டிணைப்பு’ என்று எழுதி வருகிறேன், இதில் யாருக்கும் பெரிய மாற்றுக் கருத்து வரவில்லை. டயல் டோன், பிஸி டோன் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன். லைன்மேன் முதல் மாவு மில்காரர் வரை எல்லோர் வாயிலும் இருக்கும் சொற்களை மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை.

பேச்சின் நடுவே ஒரு கணம் சுற்றைத் துண்டித்து மீண்டும் மூடுவது, அதாவது ஃபிளாஷ், இதற்குத் ‘தட்டல்’ என்று வைத்திருக்கிறேன். ரிசீவர் வைக்கும் இடத்திலுள்ள பொத்தானை லேசாகத் தட்டித்தானே முன்பு மற்ற எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றினோம்.

எனக்கு இன்னும் சொல் கிடைக்காதது, சாதாரணப் போனைக் கணினி வலையோடு இணைக்கும் ஏடிஏ (ATA) என்ற சின்னப் பெட்டிக்குத்தான். ஒன்றோ இரண்டோ ஊட்டுமுனை, ஒரு வலைத் துளை, அவ்வளவே அதில் இருக்கும். ஆங்கிலத்தில் அதை அடாப்டர் என்கிறார்கள். நம் ஊரில் அடாப்டர் என்றால் சுவரில் செருகும் மின்சார அடாப்டர்தான், அதுவும் இதே பெட்டியோடு ஒன்று வருகிறது. ‘அடாப்டரைக் கழற்றி மாட்டுங்கள்’ என்று போனில் சொன்னால் எதைக் கழற்றுவார்கள்? தகவி என்ற சொல் பட்டியல்களில் இருக்கிறது, பேச்சில் கேட்டதில்லை. ‘ஊட்டுப்பெட்டி’ என்று எழுதிப் பார்த்தேன், மாட்டுத் தீவனம் ஞாபகத்துக்கு வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள், விட்டுவிட்டேன். ‘போன் பெட்டி’ என்று களத்தில் சிலர் சொல்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாமா, அல்லது இதைவிடத் தெளிவாக ஒன்று உங்களுக்குத் தோன்றுகிறதா?

எடுமுனை, ஊட்டுமுனை பற்றி மறுப்பு இருப்பவர்கள், குறிப்பாகத் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர்கள், தயங்காமல் எழுதுங்கள். மூன்றாம் அத்தியாயம் அச்சுக்குப் போவதற்கு முன் மாற்ற இடமிருக்கிறது.

அன்புடன்.