துபாயில் கம்பெனி, வேலை கோவையில்: வரி எங்கே?

கோவையில் வீட்டிலிருந்தபடி ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்கு ஒப்பந்த முறையில் மென்பொருள் வேலை செய்கிறேன். பில் யூரோவில், வருட வரவு 70 லட்சத்தை ஒட்டி. வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டுகிறேன். ஜிஎஸ்டிக்கு எல்யூடி (வரி கட்டாமல் சேவையை ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிமொழிக் கடிதம்) இருக்கிறது.

அடுத்த வருடம் வரவு அந்தப் பிரிவின் 75 லட்ச வரம்பைத் தாண்டிவிடும். துபாய் ஃப்ரீ ஸோனில் (சலுகைகள் உள்ள தனித் தொழில் மண்டலம்) கம்பெனி தொடங்கி அதன் பேரில் பில் போடச் சொல்கிறார் ஒரு ஏஜென்ட். அங்கே 3,75,000 திர்ஹாம் லாபம் வரை வரியில்லை, அதற்கு மேல் 9 சதவீதம்தானாம். நிர்வாகம் இந்தியாவில் நடந்தால் இங்கேதானே வரி என்று கேட்டேன். விற்றுமுதல் 50 கோடிக்குள் இருந்தால் அந்த விதி பொருந்தாது என்ற இந்திய வருமான வரித் துறையின் 2017 சுற்றறிக்கையைக் காட்டினார். தேடிப் படித்தேன், உண்மைதான். ஆனால் என் மேசை, லேப்டாப், போடும் கையெழுத்து எல்லாமே கோவையில்தானே? அதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆடிட்டரும் வெளிநாட்டுக் கம்பெனி விவகாரம் பழக்கமில்லை என்று கைவிரித்துவிட்டார். ஏப்ரலில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

இந்திய–அமீரக வரி ஒப்பந்தப்படி என் வீடே அந்தக் கம்பெனியின் நிலையான தொழிலிடமாக (அங்கே வரும் லாபத்துக்கு இந்தியா வரி போட வழிசெய்யும் இடம்) கருதப்பட்டு, லாபத்துக்கு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கான 35 சதவீத வரி விழுமா?