வெயிலிலும் புழுக்கத்திலும் பாதியில் நின்ற ஆட்டங்கள்: பார்த்தவர்கள் விவரமாக எழுதுங்கள்

பேஸ்லைன்

ஷாங்காய் மாஸ்டர்ஸ் டென்னிஸ், அக்டோபர் 2025. நடப்புச் சாம்பியன் சின்னர் மூன்றாம் செட்டில் 2-3 என்று பின்தங்கியிருந்தபோது, ராக்கெட்டை ஊன்றுகோல் மாதிரி பிடித்துக்கொண்டு நாற்காலி வரை நடந்தார். கிரீக்ஸ்பூருக்கு வெற்றி, ஸ்கோர்போர்டில் 'ரிட்டயர்டு'. அதே நாள் ஹான்ஃப்மனுடன் ஆடிய ஜோகோவிச் கோர்ட் ஓரத்தில் வாந்தி எடுத்தார், ஆனாலும் மூன்று செட்டில் ஜெயித்தார். அதே தொடரில் ரூனே அதிகாரியைக் கூப்பிட்டு, யாராவது கோர்ட்டில் செத்தால்தான் திருப்தியா என்கிற தோரணையில் கேட்டார்.

சமூக ஊடகத்தில் பாதிப் பேர் 'ஸ்டாமினா இல்லை' என்று முடித்துவிட்டார்கள். இங்கே அப்படி வேண்டாம். எந்த ஆட்டம், உடம்பில் என்ன நடந்தது, அந்த நிமிடத்தில் விதி எதை அனுமதித்தது, எதை அனுமதிக்கவில்லை என்று எழுதுங்கள். தொழில்முறையில் தெரிந்தவர்கள் அளவுகளோடு சொன்னால் நல்லது.

கோர்ட் 14

முதலில் தெர்மாமீட்டரை ஓரமாக வையுங்கள். டென்னிஸ் அமைப்புகள் பார்ப்பது டபிள்யூபிஜிடி என்கிற அளவு. அதற்கு மூன்று கருவிகள்: நிழலில் இருக்கும் சாதாரண வெப்பமானி, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, வெயிலில் வைத்த கருப்புக் கோளத்துக்குள் ஒரு வெப்பமானி. வெளிக் கோர்ட்டுக்கான கணக்கில் ஈரத்துணி அளவுக்கு 70 சதவீதம், கருப்புக் கோளத்துக்கு 20, காற்றின் வெப்பத்துக்கு வெறும் 10. டிவியில் காட்டுகிற எண்ணுக்கு இவ்வளவுதான் மரியாதை.

கணக்குக்காக இரண்டு நாளை எடுத்துக்கொள்வோம். மெல்போர்ன் மாதிரி காய்ந்த நாள்: காற்று 42, ஈரப்பதம் 15 சதவீதம், ஈரத்துணி 22 காட்டும். கோளம் 55 என்று வைத்தால் மொத்தம் 30.6. ஷாங்காய் மாதிரி புழுக்கமான நாள்: காற்று 32, ஈரப்பதம் 75 சதவீதம், ஈரத்துணி 28. கோளம் 44 என்று வைத்தால் 31.6. பத்து டிகிரி குறைவான நாள்தான் உடம்புக்கு மோசம். வியர்வை ஆவியானால்தான் குளிர்ச்சி. சொட்டு சொட்டாகத் தரையில் விழுகிற வியர்வையால் நீரும் உப்பும் போகிறதே தவிர சூடு இறங்காது.

அதற்காக காய்ந்த வெயில் சும்மா விடும் என்றில்லை. 2014 ஆஸ்திரேலிய ஓபனில் தொடர்ந்து நான்கு நாள் 41 டிகிரிக்கு மேல் போனது. பெனுவா பேர் என்ற வீரருடன் ஆடிய டான்செவிச் இரண்டாம் செட்டில் மயங்கி விழுந்தார். விழுவதற்கு முன் ஸ்னூப்பி கார்ட்டூன் நாய் கண்ணில் தெரிந்ததாகப் பிறகு சொன்னார். வோஸ்னியாக்கி தரையில் வைத்த தண்ணீர் பாட்டிலின் அடிப்பக்கம் இளக ஆரம்பித்தது. கால் அந்தத் தரையில்தான் இருக்கிறது, காற்றின் வெப்பம் அங்கே அளக்கப்படுவதில்லை. ஈரப்பதம் குறைவு என்பதால் அன்று ஆட்டம் தொடர்ந்தது, நிறுத்துவது ரெஃப்ரியின் விருப்பமாக இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் நிறுத்தினார்கள்.

அந்தக் குழப்பம் 2019-ல் தீர்ந்தது. காற்றின் வெப்பம், வெயிலின் கதிர்வீச்சு, ஈரப்பதம், காற்றின் வேகம் நான்கையும் சேர்த்து 1 முதல் 5 வரை ஒரு அளவுகோல் கொண்டுவந்தார்கள். 4 வந்தால் 10 நிமிட இடைவேளை, பெண்களுக்கு இரண்டாம் செட்டுக்குப் பிறகு, ஆண்களுக்கு மூன்றாம் செட்டுக்குப் பிறகு. 5 வந்தால் வெளிக் கோர்ட்டுகளில் ஆட்டம் நிற்கும், கூரை உள்ள பெரிய கோர்ட்டில் கூரையை மூடித் தொடர்வார்கள். இதில் ஒரு அநியாயம் உண்டு. பெரிய பெயர்கள் கூரையடியில் ஆடி முடித்து ஹோட்டலுக்குப் போய்விடுவார்கள், 14-ஆம் கோர்ட்காரன் சாயங்காலம் வரை லாக்கர் ரூமில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டாம் சர்வ்

கோர்ட் 14 சார், சின்னர் ஆடுனது ராத்திரி ஆட்டமாச்சே? வெயிலே இல்லையே?

கோர்ட் 14

அதுதான் விஷயம், தம்பி. ராத்திரி கருப்புக் கோளமும் காற்றும் ஒரே வெப்பம். காற்று 28, ஈரத்துணி 26 என்று போட்டுப் பாருங்கள், 26.6 வரும். எந்த விதியின் எல்லையையும் தொடாது. ஆனால் ஈரப்பதம் 85 சதவீதம், வியர்வை ஆவியாக வழியில்லை, ஒவ்வொரு பாயிண்டும் இருபது ஷாட் போகிறது. ஷாங்காயின் பெரிய கோர்ட்டில் மக்னோலியா இதழ் மாதிரி எட்டு இதழ் விரிகிற கூரை இருக்கிறது. அதை மூடி உள்ளே குளிரூட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். பக்கத்து வெளிக் கோர்ட்டுகளுக்கு அது கிடையாதே.

பிசியோ மேசை

தசைப்பிடிப்பும் வெப்ப நோயும் ஒன்றில்லை. விதிப்புத்தகமும் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. டிவி முன் நடக்கிற சண்டையில் பாதி இங்கேதான்.

கணுக்கால் பிரண்டால் மெடிக்கல் டைம் அவுட், அதாவது சிகிச்சை இடைவேளை கேட்கலாம். பிசியோ வந்து பரிசோதிக்கிற நேரம் கணக்கில் வராது, சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 நிமிடம். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் அந்த 3 நிமிடம் கிடையாது. பக்கம் மாறும்போது வரும் 90 விநாடியிலோ, செட் முடிவில் வரும் 120 விநாடியிலோதான் கை வைக்க முடியும், அதுவும் ஒரு ஆட்டத்தில் இரண்டு முறைதான். அதுவரை தாங்க முடியாதென்றால் பாயிண்டுகளை, தேவைப்பட்டால் முழு கேமையே விட்டுக்கொடுத்துவிட்டுப் போய் உட்கார வேண்டும். 2023 பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில் அல்கராஸ் செய்தது அதுதான். ஜோகோவிச்சுடன் மூன்றாம் செட் 1-1. கால் இழுத்துக்கொண்டது, அடுத்த கேமை அப்படியே விட்டுக்கொடுத்து 1-2 ஆக்கி நாற்காலிக்குப் போனார். அதற்குப் பிறகு அந்த செட்டில் ஒரு கேம்கூட எடுக்க முடியவில்லை, அடுத்ததில் ஒன்றே ஒன்று, கடைசியில் 1-6, 1-6. அன்று பதற்றமே காரணம் என்று அவரே சொன்னார்.

வெப்ப நோய் என்று பிசியோவும் மருத்துவரும் முடிவு செய்தால் கதை வேறு. தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு எல்லாம் சேர்ந்து ஒரே நோயாகக் கணக்கு, அதற்கு ஒரு டைம் அவுட் உண்டு. பிடிப்புக்கான சிகிச்சையும் அதற்குள் அடங்கும். 2014 அமெரிக்க ஓபன் அரையிறுதியில் பெங் ஷுவாய் வோஸ்னியாக்கியுடன் ஆடும்போது சரிந்தார், உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்து சுமார் 10 நிமிடம் கழித்து மறுபடி ஆடவிட்டார்கள். சில பாயிண்டில் திரும்ப விழுந்து சக்கர நாற்காலியில் போனார். பிடிப்புக்கு ஏன் அவ்வளவு நேரம் என்று சத்தம் போட்டவர்களுக்கு, வெப்ப நோயா என்று பரிசோதித்தோம் என்றார்கள். விதிப்படி சரி. திரும்ப ஆட அனுமதித்தது சரியா என்பதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை.

கோர்ட்டில் கவனிக்க வேண்டியது வியர்வை அல்ல, நடத்தை. ஸ்கோரைத் தப்பாகச் சொல்வது, தப்பான பக்கத்திலிருந்து சர்வ் போடப் போவது, பந்து கொடுக்கும் பையன் கேட்டதற்குப் பதில் வராதது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போய் மூளை தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக். அப்போது நெற்றியிலும் அக்குளிலும் வைக்கிற தெர்மாமீட்டர் பொய் சொல்லும், குதவழி அளவுதான் நம்பத்தக்கது. கழுத்து வரை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கலக்காவிட்டால் தோலை ஒட்டி வெதுவெதுப்பான படலம் நின்றுவிடும். 39-க்குச் சற்றுக் கீழே வந்ததும் வெளியே எடுக்க வேண்டும், இல்லையேல் அதற்கும் கீழே இறங்கிப்போகும். குளிர்வித்த பிறகுதான் ஆம்புலன்ஸ். முதலில் ஆம்புலன்ஸில் ஏற்றுவதுதான் எல்லா ஊரிலும் நடக்கிற தப்பு.

இரண்டாம் சர்வ்

மேடம், உப்பு போட்டுக் குடிச்சா பிடிப்பு வராதுன்னு சொல்றாங்களே?

பிசியோ மேசை

ஓரளவுக்குத்தான். ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் அளவுக்கு சோடியம் போகும், சிலருக்கு அதைவிட நிறைய. சட்டையில் வெள்ளைக் கோடு படிகிறவர்கள் அந்த ரகம். மணிக்கு இரண்டு லிட்டர் வியர்க்கிறவருக்கு வயிறு ஒரு லிட்டருக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது, அதனால் ஆட்டம் முடிகிற வரை கடன்தான். வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் வேறு ஆபத்து. பக்கம் மாறுகிற ஒவ்வொரு சேஞ்ச் ஓவரிலும் 200 மில்லி, உப்பு கலந்தது, முதல் கேமிலிருந்தே. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் திரும்பப் போக வேண்டும்.

ஆனால் பிடிப்பின் இன்னொரு பாதி நரம்புக் களைப்பு. ஊறுகாய்ச் சாறு ஒரு மடக்கு குடித்ததும் சிலருக்கு ஓரிரு நிமிடத்தில் விடுகிறதே, அவ்வளவு சீக்கிரம் உப்பு இரத்தத்துக்குப் போகவே போகாது. தொண்டையில் படுகிற புளிப்புக்கு நரம்பு காட்டுகிற எதிர்வினை அது. நம்ம மாங்காய் ஊறுகாய் இல்லை, வெள்ளரிக்காய் ஊறிய வினிகர்த் தண்ணீர்.

டிரா ஷீட்

பார்வையாளர்களுக்கு எல்லாமே 'விலகிட்டார்'. யார் யாரோடு ஆடுவது என்று போடுகிற பட்டியலான டிராவில் அப்படி இல்லை. ஆட்டம் தொடங்கிய பிறகு நின்றால் ரிட்டயர்டு. தொடங்கும் முன் நின்றால் எதிராளிக்கு வாக்ஓவர், அதாவது ஆடாமலே வெற்றி. ஆனால் முதல் சுற்று ஆட்டத்துக்கு முன்பே விலகினால் வாக்ஓவர் இல்லை, குவாலிஃபையிங் என்கிற தகுதிச் சுற்றில் தோற்ற ஒருவர் லக்கி லூசராக உள்ளே வருவார்.

உடம்பு சரியில்லாதவர் ஏன் முதல் சுற்றில் வந்து ஏழு கேம் ஆடிவிட்டு நின்றார் என்றால், பெரும்பாலும் காசு. கிராண்ட் ஸ்லாமில் முதல் சுற்றுத் தொகையே பலருக்கு அந்த வருடச் செலவு. 2017 விம்பிள்டனில் ஒரே நாளில் சென்டர் கோர்ட்டில் கிளிசான் ஜோகோவிச்சிடமும் டோல்கோபோலோவ் ஃபெடரரிடமும் பாதியில் நின்றார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் கொதித்தார்கள். 2018 முதல் கிராண்ட் ஸ்லாம் விதி மாறியது. பிரதான டிரா தொடங்குவதற்கு முந்தைய வியாழன் நண்பகலுக்குப் பிறகு, நேரில் வந்து விலகினால் பாதித் தொகை அவருக்கு. மீதிப் பாதி லக்கி லூசருக்கு. மாறாக, உடம்பு முடியாமல் வந்து பேருக்கு ஆடினால் முதல் சுற்றுத் தொகை வரை அபராதம். அந்த ஆண்டு ஆஸ்திரேலிய ஓபனில் மிஷா ஸ்வெரேவுக்கு 45,000 டாலர் போனது, கிட்டத்தட்ட முழுத்தொகை.

ஒரு ஓட்டை அப்படியே இருக்கிறது. இரண்டாம் சுற்றிலிருந்து பாதித் தொகை ஏற்பாடு கிடையாது. இறுதிப் போட்டி என்றால் கேட்கவே வேண்டாம், அரங்கம் நிறைந்திருக்கும். 2025 சின்சினாட்டி இறுதியில் காய்ச்சலோடு இறங்கிய சின்னர் அல்கராஸிடம் 0-5 என்று 23 நிமிடத்தில் நின்றார். வந்தவர்களுக்காகக் களத்தில் இறங்கினேன் என்றார். வைரஸ் காய்ச்சலோடு அந்த வெயிலில் ஓடுவது இதயத்துக்கு நல்லதில்லை, அவர் அந்த 23-ஆவது நிமிடத்தில் நின்றதே நல்லது.

நுங்கம்பாக்கம் கேலரி

சென்னைக்கும் ஒரு வரி. 1997-ல் ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான ஏடிபியின் போட்டி இங்கே வந்தபோது அது ஏப்ரலில் நடந்தது. ஏப்ரல் மெட்ராஸ்! பிறகு ஜனவரிக்கு மாற்றினார்கள். ஜனவரியிலும் புழுக்கம் போகாது. 2008 அரையிறுதியில் நடாலும் மோயாவும் மூன்று செட்டும் டைபிரேக் வரை போய் 3 மணி 54 நிமிடம் ஆடினார்கள். அடுத்த நாள் இறுதியில் நடால் யூஸ்னியிடம் 0-6, 1-6. ரிட்டயர் ஆகவில்லை, விலகவில்லை, ஸ்கோரைப் பார்த்தால் புரியும்.

இரண்டாம் சர்வ்

அப்படிப்பட்ட ஆட்டம் முடிஞ்சு ராத்திரியே ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா மறுநாள் தெம்பா ஆடலாமே?

பிசியோ மேசை

ஆடலாம், ஊக்கமருந்து வழக்கிலும் மாட்டலாம். 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றுவது உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் விதிப்படி தடை. உள்ளே போவது வெறும் உப்புத்தண்ணீர் என்றாலும் தடைதான், ஏனென்றால் அது இரத்தத்தையும் சிறுநீரையும் நீர்த்துப்போகச் செய்து சோதனையைக் குழப்பும். மருத்துவமனைச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, மருத்துவப் பரிசோதனை இவற்றுக்கு மட்டும் விலக்கு. 2018 ஆஸ்திரேலிய ஓபன் இறுதிக்குப் பிறகு ஹாலெப்பை நீரிழப்புக்காக மருத்துவமனையில் சேர்த்தார்களே, அது அந்த விலக்குக்குள் வரும். ஹோட்டல் அறைக்கு டாக்டரை வரவழைத்து பாட்டில் தொங்கவிடுவது வராது. சளி மாத்திரையிலும் கவனம்: மூக்கடைப்புக்குப் போடுகிற சூடோஎஃபெட்ரின் போட்டி நாளில் சிறுநீரில் ஒரு மில்லிக்கு 150 மைக்ரோகிராம் தாண்டினால் பிரச்சினை. மருந்துக்கடையில் அட்டையைத் திருப்பிப் படிக்காமல் வாங்கக் கூடாது.

கோர்ட் 14

ஷாங்காய்க்குத் திரும்புவோம். அதே வாரம் பெண்கள் வூஹானில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் டென்னிஸ் அமைப்பான டபிள்யூடிஏவில் வெப்ப விதி 1990-களிலிருந்தே இருக்கிறது, ஏடிபியில் அப்படி ஒரு எல்லை எண் அப்போது இல்லை, சூப்பர்வைசர் பார்த்துச் சொன்னால் உண்டு. விதி இருந்தும் வூஹானில் ராடுகானு தலைசுற்றி ஆன் லீயிடம் இரண்டாம் செட்டில் நின்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2026 முதல் ஏடிபியிலும் வந்துவிட்டது. மூன்று செட் ஆட்டத்தின் முதல் இரண்டு செட்டுக்குள் டபிள்யூபிஜிடி 30.1 தொட்டால், இரண்டாம் செட்டுக்குப் பிறகு யாராவது ஒருவர் கேட்டாலும் இருவருக்கும் 10 நிமிடம். குளிக்கலாம், உடை மாற்றலாம், பயிற்சியாளரோடு பேசலாம், எல்லாம் மருத்துவக் குழுவின் கண் முன்னால். 32.2 தாண்டினால் ஆட்டம் நிற்கும். குறை என்ன? நேர் செட்டில் தோற்கிறவருக்கு இடைவேளை வரவே வராது. வருகிறவருக்கும் 10 நிமிடம் ஐஸ் தொட்டியில் கிடந்தால் கால் மரத்துப்போகும், அதனால் கடைசி இரண்டு நிமிடம் நடக்கச் சொல்வார்கள். 2018 அமெரிக்க ஓபனில் ஆண்களுக்கு அன்றைக்கே அவசரமாக அறிவித்த இடைவேளையில் ஜோகோவிச்சும் ஃபுச்சோவிச்சும் அடுத்தடுத்த தொட்டியில் கிடந்தார்கள். திரும்பி வந்து ஜோகோவிச் நான்காம் செட்டை 6-0 எடுத்தார்.

எல்லா விதியையும்விட வேலை செய்வது அட்டவணைதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் காலை 11 மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஜூலை 28, 2021 அன்று ஃபோனினியுடன் ஆடிய மெட்வெடேவ், நான் செத்தால் யார் பொறுப்பு என்று சேர் அம்பயரிடம் கேட்டார். படோசா ஹீட் ஸ்ட்ரோக்கோடு சக்கர நாற்காலியில் வெளியே போனார். மறுநாளிலிருந்து முதல் ஆட்டம் பிற்பகல் 3 மணிக்கு.